வட்ட ரொட்டியும் தங்கத் துரப்பணமும்

இணையத்து உத்தமர் என்று ஒரு இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேரோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு ஆட்டம் ஆடுகிற வீட்டின் பக்கம் மாலை நாலு மணிக்கு மேல் போய் நில்லுங்கள். உள்ளறையிலிருந்து முதலில் ஒரு பெருமூச்சு வரும். அதன் பின்னாலேயே, "நேர்மையா ஆடறவனுக்கு இங்க எங்க இடம் இருக்கு" என்று ஒரு வாக்கியம் வரும். அவர்தான். கதவைத் தட்டாதீர்கள். தட்டினாலும் திறக்க மாட்டார். கை வேலையாக இருக்கும்.

உத்தமருக்கு உலகம் மூன்றே பகுதி. தனக்குக் கீழே இருக்கிறவர்கள் சோம்பேறிகள். தனக்குச் சமமாக இருக்கிறவர்கள் சந்தேகத்துக்கு உரியவர்கள். தனக்கு மேலே இருக்கிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள், ஒருவர் பாக்கியில்லாமல். உத்தமர் ஒரு படி ஏறிவிட்டால், நேற்று ராத்திரிவரை ஏமாற்றுக்காரனாக இருந்தவன் இன்று காலையில் எழுந்திருக்கும்போதே சோம்பேறியாகிவிடுவான். ஏன் மாறினான், எப்படித் திருந்தினான் என்றெல்லாம் உத்தமரிடம் கேட்கக் கூடாது. அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

நன்றாக விளைந்து முற்றிய ஒரு உத்தமரைப் பார்க்க ஆசை இருந்தால், பின்லாந்தில் சைமா ஏரிக்கரையில் மிக்கெலி என்ற ஊருக்கு வந்து, ரெய்யோ கூய்வலைனென் வீடு எது என்று கேளுங்கள். வயது ஐம்பத்தெட்டு. வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற நிலையத்தில் சோதனையாளர். ஒரு சின்னச் சுத்தியலால் வண்டியின் அடிவயிற்றில் தட்டிப் பார்த்து, துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நடந்து வீடு திரும்பியவர்கள். மீதிப் பேர் அடுத்த ஊருக்குப் போய்ச் சான்று வாங்குகிறார்கள்.

அவர் ஆடுகிற ஆட்டத்தின் பெயர் 'பனித்துளை'. என்ன ஆட்டம் என்றால், உறைந்து கிடக்கிற ஏரியின் மேல் ஒரு முக்காலி போட்டு உட்கார வேண்டும். பனியில் துளை போட்டுத் தூண்டிலை இறக்க வேண்டும். விசைப்பலகையின் அடியில் நீளமாக ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கிக்கொண்டே இருந்தால் தூண்டில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆறேழு நிமிஷத்துக்கு ஒரு தடவை, வரி வரியாக முதுகு உள்ள ஒரு பெர்ச் மீன் தானாக மேலே வரும். கையை எடுத்து ஒரு நிமிஷமானால் துளை உறைந்து மூடிக்கொள்ளும். மறுபடி துளை போட இருபது நிமிஷம். அவ்வளவுதான் ஆட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரோடு பேசுவதற்கு ஓர் அரட்டைப் பெட்டியும் உண்டு. அதை யாரும் தொடுவதில்லை.

ரெய்யோவின் ஜன்னலைத் திறந்தால் எதிரே சைமா ஏரி நிஜமாகவே உறைந்து கிடக்கும். அதன் மேல் நிஜ முக்காலி, நிஜத் துளை, நிஜ மீன். ரெய்யோ திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார். பனியின் பளபளப்பில் கம்ப்யூட்டர் திரை சரியாகத் தெரிவதில்லை.

மூன்று வருஷமாக உழைக்கிறார். கிடைத்தது என்ன? ஆயிரம் மீனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி கொடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கு அதே தொப்பி, கொஞ்சம் வெளிறிய சாம்பல். ஐயாயிரத்துக்கு ஒரு பிளாஸ்க். அதிலிருந்து குடிக்க முடியாது. முக்காலிக்குப் பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். எட்டாயிரத்துக்கு அந்த பிளாஸ்க்கிலிருந்து ஆவி வரும். ஆவி வந்த அன்றைக்கு ரெய்யோ மனைவி ஹெல்க்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அப்போதுதான் ஏரியிலிருந்து வாளி நிறைய பெர்ச்சோடு வந்து, கம்பளி சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தாள்.

"நம்ம வீட்டு பிளாஸ்க்லயும் ஆவி வருது, ரெய்யோ. காப்பியும் வரும்," என்றாள்.

பத்தாயிரம் மீனுக்குத்தான் இருக்கிறது பெரிய பரிசு: தங்கத் துரப்பணம். பனியில் துளை போடுகிற கருவி, முழுக்கத் தங்க நிறம். இரும்புத் துரப்பணம் போடுகிற அதே துளையை, அதே அகலத்தில், அதே நேரத்தில் போடும். ஆனால் தங்கம். மே முதல் தேதி, ஊரே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிற வாப்பு பண்டிகைக்குள், யார் முதலில் பத்தாயிரத்தைத் தொடுகிறாரோ அவருக்கு மட்டும். ஒரே ஒருவருக்கு. ரெய்யோ அதற்காக வண்டிச் சோதனையில் மேலாளர் பதவியே வேண்டாமென்று சொல்லியிருந்தார். மேலாளர் ஆனால் வீடு திரும்ப ஐந்து மணி ஆகிவிடும்.

ஏப்ரல் தொடக்கத்தில் அவர் பதினோராவது இடத்தில் இருந்தார். மேலே பத்துப் பேர். பத்தும் ஏமாற்று. அதிலும் மூன்றாவது இடத்தில் இருந்த, 'வழவழ விலாங்கு' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த ஓர் ஆசாமி இருக்கிறானே, அவன் பெயரைக் கேட்டாலே ரெய்யோவுக்குச் சாப்பாடு இறங்காது. மூன்று வருஷத்தில் ஆட்ட நிர்வாகத்துக்கு அவர் அனுப்பிய புகார்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் முந்நூறு விலாங்கின் மேல். எல்லாம் வண்டிச் சோதனை அறிக்கையின் அச்சிலேயே இருக்கும்: கண்டறியப்பட்ட குறை, குறையின் தீவிரம், ஓட்டத் தகுதி இல்லை, மறுசோதனைக்கு வரவும். நானூறாவது புகாரில் ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். ஆடுகிறவர் மனிதர்தானா என்று திடீரென்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் உடனே வெளியே தள்ள வேண்டும்.

சரி, உத்தமர் உத்தமராகவே எந்நேரமும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாரா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வாரத்தில் ஆறு நாள் அமுக்கினார். சனிக்கிழமை சௌனா.

சனிக்கிழமை மாலை சௌனா என்கிற நீராவிக் குளியலுக்குப் போகாமல் இருப்பது எப்படி? கல்லெல்லாம் சூடேறி, உடம்பில் அடித்துக்கொள்கிற பிர்ச் இலைக்கட்டு ஊறி, ஹெல்க்கா துண்டோடு வந்து வாசலில் நிற்கும்போது, 'இல்லை, எனக்கு மீன் பிடிக்க வேண்டும்' என்று ஒருவர் சொன்னால் அடுத்த நாள் டாக்டரைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே ரெய்யோ போனார். போவதற்கு முன், சமையலறை அலமாரியிலிருந்து, நடுவில் ஓட்டை போட்ட வட்டமான ரை தானிய ரொட்டி ஒன்றை எடுத்து, நீளப் பொத்தானின் மேல் பாங்காக வைத்தார். காய்ந்து கல்லாகிப்போன ரொட்டி. என்ன எடை வேண்டுமோ அதே எடை. வேலைக்காக எடுத்துவைத்த ரொட்டி என்பதால் அப்புறம் அலமாரிக்கே திரும்பவில்லை. மேசை இழுப்பறையிலேயே குடியேறியது.

இது ஏமாற்று இல்லையா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். நேர்மையானவர், கேட்காமல் இருப்பாரா? விதிமுறையில் 'எந்தக் கருவியும் பயன்படுத்தக் கூடாது' என்றுதான் இருந்தது. ரொட்டி கருவியா? ரொட்டி உணவு. மேசை மேல் உணவு வைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. வழக்கு முடிந்தது. அதற்குமேல் தன்னைத் தொந்தரவு செய்யவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரத்துச் சனிக்கிழமை ஹெல்க்காவின் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். சௌனா நாலு மணிக்கு ஆரம்பித்து எட்டுவரை நீண்டது. நடுவில் ஏரிப் பனியில் வெட்டிய குழியில் ஒரு முழுக்கு, அப்புறம் சுட்ட சாசேஜ், மறுபடி சௌனா. அதே நேரத்தில் உள்ளறையில் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. நானூறாவது புகாரின் யோசனையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டிருந்தது. புதிய சோதனையை யாரிடம் முதலில் நடத்துவது என்று யோசித்து, யோசனை சொன்னவரிடமே நடத்தினார்கள். ஒரு மரியாதைக்காக.

ஆறு மணிக்குத் திரையில் ஒரு பெட்டி திறந்தது. 'நீங்கள் மனிதரா?' இயந்திரம் கேட்டது. ரொட்டி பதில் சொன்னது. நீளப் பொத்தான் எழுத்து எதையும் எழுதாது, இடம் மட்டும் விடும். இரண்டு மணி நேரமாக ரொட்டி விட்ட இடம் எழுபது பக்கம் வந்தது.

ரெய்யோ ரத்தச்சிவப்பாக, ஆவி பறக்க, உலக சமாதானத்தோடு வந்து உட்கார்ந்தார். திரையில் இரண்டு வரி இருந்தது. ஒன்று: மொத்த மீன் 9,871. இன்னொன்று: 'நீங்கள் இயந்திரம் என்று முடிவு செய்யப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறீர்கள். மனிதர் என்று நிரூபித்தால் திரும்ப வரலாம்.'

இன்னும் நூற்றிருபத்தொன்பது மீன். வாப்புக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. விலாங்கு 9,902.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள், அடுத்த வியாழக்கிழமை. அதுவரை மாலை நாலு மணிக்கு மேல் கையை என்ன செய்வது என்று ரெய்யோவுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசை விளிம்பை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெல்க்கா பார்த்துவிட்டு, கோடைக்கு முன் பனி இளகிவிடும், கடைசி நல்ல வாரம், என்னோடு வா என்று இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். நிஜ முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரத்தில் மூன்று மீன். இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு என்ஸியோ பதினான்கு பிடித்தார். ரெய்யோ என்ஸியோவின் முதுகையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவன் என்னமோ பண்றான்," என்றார்.

"மீன் புடிக்கிறாரு," என்றாள் ஹெல்க்கா.

"இங்க யார்கிட்ட புகார் கொடுக்கறது?"

ஹெல்க்கா தூண்டிலைச் சுற்ற ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை வீடியோவில் வந்த நடுவரின் பெயர் தைனா. முப்பது வயது இருக்கும். ஒவுலு நகரத்தில் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஆட்ட நிர்வாகத்தின் வழக்குகளைப் பார்க்கிறவள். விசாரித்தவரைக்கும் நிலைமை மோசம் என்று சொன்னாள். ரெய்யோவோடு ஆட்டத்தில் மூன்று வருஷமாக ஒரே கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிற குழுவில் ஐந்து பேர். இவர் மனிதர்தானா என்று அவர்களைக் கேட்டிருக்கிறாள். மூன்று வருஷத்தில் அரட்டைப் பெட்டியில் அவர் எழுதியது மொத்தம் நாலு 'ம்' என்றார்கள். அதில் ஒன்று தங்களுக்கு எழுதியதாகத் தெரியவில்லை, தவறிப் பட்டிருக்கலாம் என்றும் சொன்னார்கள். மற்றபடி நல்ல மனிதர், நாங்களும் அவ்வளவுதான் பேசுவோம் என்று சேர்த்துக்கொண்டார்கள். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை.

"சனிக்கிழமை ஆறு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் தைனா.

ரெய்யோவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேசை முன்னால் இருந்தேன் என்றால், கேள்விக்கு எழுபது பக்கம் வெறுமையைப் பதிலாகக் கொடுத்த இயந்திரம். மேசை முன்னால் இல்லை என்றால், அப்போது பொத்தானை அமுக்கியது யார்? ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அந்த ஊரில் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இரண்டாவது நிமிஷமும் ஓடியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெல்க்கா, கணவனைக் காப்பாற்ற முன்வந்தாள்.

"சௌனாவுலதான் இருந்தாரு. நாலு மணியிலேர்ந்து எட்டு மணிவரைக்கும். என் தங்கச்சி வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க. வேர்த்துக் கொட்டிச்சு. மெஷினுக்கு வேர்க்குமா?"

தைனா எழுதிக்கொண்டாள். "அப்போ பொத்தானை யார் அமுக்கிட்டு இருந்தது?"

இதற்கு ஆயிரம் பொய் சொல்லலாம். பூனை என்று சொல்லலாம். ஆனால் சௌனா சம்பந்தப்பட்ட விஷயத்தில் பொய் சொல்ல ரெய்யோவுக்கு நாக்கு வராது.

"ரொட்டி," என்றார்.

"என்ன ரொட்டி?"

"ரை. வட்டமா இருக்கும். ஓட்டை போட்டது."

"சூப்புக்கு ஊறப்போடலாம்னு வீடு முழுக்கத் தேடினேனே, அதுவா?" என்றாள் ஹெல்க்கா.

ரெய்யோ திரையைப் பார்த்தே பேசினார். ரொட்டி கருவி அல்ல, உணவு என்றார். தைனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தாள். 'விலாங்கு என்பவர் பொத்தானின் மேல் ஏதோ பாரம் வைக்கிறார் என்பது உறுதி. அது கல்லாக இருக்கலாம், உருளைக்கிழங்காக இருக்கலாம், உண்ணத்தக்க எதுவாகவும் இருக்கலாம். எதுவானாலும் கருவியே. இப்படிப்பட்டவரை ஆயுள் உள்ளவரை வெளியேற்றுவதுதான் நியாயம்.' புகார் எண் இருநூற்று எண்பத்தெட்டு.

"இது யார் எழுதினது?"

"நான்."

"நல்லா இருக்கு," என்றாள் தைனா. "நானூத்திப் பன்னெண்டையும் படிச்சேன். மெஷினுக்கு இந்த அளவு பொறாமை வராது. நீங்க மனுஷர்தான், அதுக்குச் சான்று இன்னிக்கே கொடுத்துடறேன்."

ரெய்யோ நிமிர்ந்தார். "அப்போ நான் மறுபடி ஆடலாமா?"

"அது முடியாது. ஏமாத்தியிருக்கீங்க. நீங்க கேட்ட தண்டனைதான்."

மூன்று வருஷ உழைப்பு, இரண்டு சாம்பல் தொப்பி, ஆவி வருகிற பிளாஸ்க், எல்லாம் போயிற்று. ரெய்யோவின் கை மேசை விளிம்பைத் தேடிப் போய் அமுக்கியது. ஹெல்க்கா அந்தக் கையைப் பார்த்தாள். யாருக்கும் சிரிப்பு வந்தே தீர வேண்டிய காட்சிதான். இருந்தாலும் முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் இல்லையா? திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"ஏம்மா, சனிக்கிழமை ஆறு மணிக்கு நீ எங்க இருப்ப?"

"சௌனாவுல."

"நீயும் இந்த ஆட்டம் ஆடறியோ?"

"ஆடுவேன். எல்லாரும் ஆடறதுதானே."

"உன் விசைப்பலகை ஓரத்துல ஒரு ஹெர்ரிங் மீன் டப்பா தெரியுதே. திறக்காத டப்பா."

தைனா டப்பாவைப் பார்த்தாள். டப்பா அவளைப் பார்த்தது. மெல்ல அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு விஷயம் பாத்துட்டுச் சொல்றேன்," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

அவள் பார்த்த விஷயம் இதுதான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நாடு முழுக்க ஒருவர் பாக்கியில்லாமல் சட்டையைக் கழற்றிச் சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், 'பனித்துளை' ஏரியில் கூட்டம் ஒரு தலைகூடக் குறைந்ததில்லை. பத்தொன்பதாயிரம் பேர் முக்காலியில் உட்கார்ந்து தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக. ரொட்டி, உருளைக்கிழங்கு, சுத்தியல், உறைந்த சாசேஜ், ஒரு பாதிரியார் வீட்டில் கனமான பாட்டுப் புத்தகம். நிர்வாகத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று கேட்டால், அவர்களும் அந்த நேரத்தில் சௌனாவில்தானே இருந்தார்கள்?

பத்தொன்பதாயிரம் பேரையும் வெளியே தள்ளினால் ஏரியில் மீன் மட்டும்தான் மிஞ்சும். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாரையும் வெளியேற்றுவதில்லை. சனிக்கிழமைகளில், பொத்தான் ஒரு நொடிகூட நிமிராமல் பிடித்த மீனை மட்டும் எல்லோர் கணக்கிலிருந்தும் எடுத்து ஏரியிலேயே விட்டுவிடுவது.

ரெய்யோவின் 9,871 ஒரே இரவில் 5,930 ஆனது. தங்கத் துரப்பணம் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. வாப்புக்குள் நாலாயிரம் மீன் பிடிக்க எந்த ரொட்டியாலும் முடியாது. ஹெல்க்கா பயந்துபோய் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். உத்தமர் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். காரணம் என்ன தெரியுமா? விலாங்கு 3,114-க்கு இறங்கியிருந்தான். அவன் வீட்டில் சௌனா மதியமே ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது. ரெய்யோ பதினோராவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏறியிருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, மேல இருந்தவனெல்லாம் ஏமாத்தினவன்னு," என்றார். மேசை மேல் ரொட்டி இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

முதலிடம் யாருக்கு என்கிறீர்களா? அதுதான் வேடிக்கை. இதுவரை நாற்பதாவது இடத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த, இத்தாலியில் பலெர்மோ நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர். பனியையே நேரில் பார்த்திராத மனிதர். சனிக்கிழமையும் பொத்தானைத் தன் விரலாலேயே அமுக்கியிருந்தார். அவர் கணக்கில் ஒரு மீன் குறையவில்லை. வாப்புக்கு ஐந்து நாள் முன்னால் பத்தாயிரத்தைத் தொட்டு, தங்கத் துரப்பணத்தை வாங்கிக்கொண்டு, அதைக் கொண்டு ஒரு துளை போட்டார். அதே அகலம்.

அன்றைக்கு மாலை அரட்டைப் பெட்டி திறந்தது. விலாங்கு எழுதியிருந்தான்: 'பாத்தீங்களா அந்தப் பல் டாக்டரை?'

ரெய்யோ மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் எழுதினார். 'சனிக்கிழமை சௌனாவுக்குப் போகாதவன் மனுஷனா?'

'ம்,' என்று பதில் வந்தது. பல வருஷப் பகை அங்கே தீர்ந்தது. கண்கலங்கவேண்டிய இடம். உத்தமர் கலங்கவில்லை, நானூற்றுப் பதின்மூன்றாவது புகாரை எழுத ஆரம்பித்துவிட்டார். கண்டறியப்பட்ட குறை: மனிதர் என்பதற்கு ஆதாரம் இல்லை. குறையின் தீவிரம்: கடுமை. எழுதி முடிக்க நேரமாயிற்று. சனிக்கிழமை என்பதால் ஹெல்க்கா துண்டோடு வாசலில் வந்து நின்றாள். அவர் எழுந்தார். பழக்க தோஷம், கை தானாகவே ரொட்டியை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. பிறகு அவர் ரொட்டியை எடுத்து ஹெல்க்காவிடம் கொடுத்தார், சூப்புக்கு வைத்துக்கொள் என்று. அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனபின், அலமாரியிலிருந்து அதே எடையில் ஒரு கடுகு ஜாடியை எடுத்துப் பொத்தானின் மேல் வைத்தார். ரொட்டிதானே தப்பென்று தீர்ப்பாயிற்று? கடுகைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரை நினைத்துத்தான் சிரிக்கிறீர்கள், அதுவும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், அலுவலகத்தில் எதிர் மேசைக்காரர். இந்த இனத்தைப் பற்றிப் படிக்கிற யாருக்கும் தன் முகம் ஞாபகம் வந்ததாக இதுவரை தகவல் இல்லை. நடக்கிற அடியை எண்ணுகிற பட்டையைப் பேரனின் ஊஞ்சலில் கட்டிவிட்டு, நம்மைவிட ஆயிரம் அடி கூட நடந்த தெருக்காரரை, 'அந்தாளு எங்க நடந்தான்' என்று நேற்று யார் சொன்னது? நான் கேட்கவில்லை. சும்மா ஒரு பேச்சுக்கு.

அது போகட்டும். இந்தப் பக்கம் தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க ஓரத்தில் எதையோ கனமாகத் தூக்கி வைத்திருக்கிறீர்களே, அது என்ன?